கம்பளி நகரத்தில் பிறந்த பாலியஸ்டர்

மலையேறுபவர் முதல் மீன்பிடிப் படகில் வேலை செய்பவர் வரை, குளிரை எதிர்கொள்ளும் எவர் உடலிலும் இன்று காணக்கூடிய ஃபிளீஸ் என்ற பாலியஸ்டர் துணி, கம்பளிக்கு மாற்றாக உருவானது என்பது பலரும் அறிந்த செய்தி. அது உருவான இடம், ஒரு காலத்தில் அமெரிக்கக் கம்பளித் துணி உற்பத்தியின் தலைமையிடமாக விளங்கிப் பின்னர் அந்தத் தொழிலையே இழந்து நின்ற லாரன்ஸ் என்ற ஆலை நகரம் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கம்பளியைவிட அதிகக் கதகதப்பைத் தந்ததால்தான் ஃபிளீஸ் அதன் இடத்தைப் பிடித்தது என்ற எண்ணம் கடைக்காரரிடமும் வாடிக்கையாளரிடமும் ஒருசேர இருந்தாலும், இழைகளின் இயல்பை ஆராய்ந்தால் அந்த எண்ணம் நிற்பதில்லை. நீரை உறிஞ்சாத குணமும், ஆட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் பருவத்தையும் சார்ந்திராத உற்பத்தி முறையும், அதனால் விளைந்த மலிவும் சேர்ந்துதான் அதை வெற்றி பெறச் செய்தன. அந்த மலிவின் சுமையில் ஒரு பகுதி, விலைச்சீட்டில் ஏறாமல், ஆலைத் தொழிலாளர் மீதும் ஆடு வளர்ப்போர் மீதும் கடல் மீதும் இறங்கியது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமேக் ஆற்றின் நீர்விசையைப் பயன்படுத்துவதற்கென்றே 1845இல் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட நகரம் லாரன்ஸ். ஆற்றுக்குக் குறுக்கே கருங்கல் அணை எழுப்பப்பட்டது. அதன் இருபுறமும் கால்வாய்கள் வெட்டப்பட்டு, அவற்றின் கரைகளில் செங்கல் ஆலைகள் வரிசையாக எழுந்தன. நீண்ட இழைகளைச் சீவி இணையாக அடுக்கி முறுக்கி நெய்யப்படும் 'வொர்ஸ்டெட்' என்ற வழவழப்பான கம்பளித் துணிக்கு அந்த நகரம் பெயர்பெற்றது. 1906 அளவில் அங்கு எழுந்த வுட் மில், உலகின் மிகப் பெரிய வொர்ஸ்டெட் ஆலைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அந்தத் துணியை நெய்தவர்கள் இத்தாலி, போலந்து, லித்துவேனியா, சிரியா எனப் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1912 ஜனவரியில், பெண்களுக்கும் சிறாருக்கும் வார வேலைநேரத்தை 56 மணியிலிருந்து 54 மணியாகக் குறைத்த மாநிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, ஆலை முதலாளிகள் அந்த இரண்டு மணி நேரத்துக்கான கூலியையும் சேர்த்தே குறைத்தார்கள். அதை எதிர்த்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு மாதங்கள் நடத்திய வேலைநிறுத்தம், அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றில் 'ரொட்டியும் ரோஜாவும்' என்ற பெயரில் நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஆலைகள் கூலி குறைந்த தென்மாநிலங்களுக்குப் பெயர்ந்தன. செயற்கை இழைகளும் சந்தைக்கு வந்து சேர்ந்தன. 1950களின் நடுப்பகுதிக்குள் லாரன்ஸின் கம்பளித் தொழில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. காலியாகக் கிடந்த ஆர்லிங்டன் மில்ஸ் என்ற பழைய வொர்ஸ்டெட் ஆலை வளாகத்தில் 1956இல் குடிபுகுந்து, பின்னாளில் ஃபிளீஸை உருவாக்கிய நிறுவனம்தான் மால்டன் மில்ஸ்.

அந்த நிறுவனம் செய்து காட்டியதன் அளவை உணர, கம்பளி எதைச் செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். எந்த ஆடையும் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் உண்டாக்கும் வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைப்பதே அதன் பணி, அதையும் பெரும்பாலும் செய்வது இழையன்று, இழைகளுக்கு இடையில் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். இழை எந்தப் பொருளால் ஆனதாயினும் அது காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்திவிடும். ஆகவே குறைந்த எடையில் அதிகக் காற்றை அசையாமல் பிடித்து வைக்கும் துணி எதுவோ அதுவே கதகதப்பான துணி. கம்பளி இழையின் உட்பகுதி, ஈரத்துக்கு வெவ்வேறு விதமாக விரியும் இரு வகை உயிரணுக்களால் ஆனது. அவை இழையின் இரு பக்கங்களில் அமைந்திருப்பதால் இழை நேராக நில்லாமல் சுருண்டு நெளிகிறது. அந்த நெளிவுதான் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் படியவிடாமல் விலக்கி வைத்து, காற்றுக்கு இடம் தருகிறது.

கம்பளிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கெரட்டின் என்ற புரதத்தால் ஆன அந்த இழை, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீராவியை உள்ளே ஏற்றுக்கொள்ளும். அப்போதும் தொட்டுப் பார்ப்பவருக்கு அது ஈரமாகத் தோன்றாது. அவ்வாறு நீராவியை ஏற்கும்போது சிறிதளவு வெப்பத்தையும் அது வெளிவிடுகிறது. வீட்டின் வெப்பத்திலிருந்து வெளியே ஈரக் குளிருக்குள் காலடி வைப்பவரின் கம்பளிச் சட்டை முதல் சில நிமிடங்களுக்குக் கூடுதல் இதம் தருவதற்கு இதுவே காரணம். 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மலோரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டபோது அதனுடன் கிடைத்த துணித் துண்டுகளைக் கொண்டு, அவர் அணிந்திருந்த பட்டு, பருத்தி, கம்பளி அடுக்குகள் பிரிட்டனில் மறுபடி நெய்து தைக்கப்பட்டன. அவற்றை 2006இல் எவரெஸ்ட் சரிவில் அணிந்து சோதித்த கிரஹாம் ஹாய்லண்ட், அவை எடை குறைந்தவையாகவும் போதிய கதகதப்புத் தருபவையாகவும் இருந்தன என்று பதிவு செய்தார். குளிரில் கம்பளி தோற்றுப்போன பொருள் அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எனில் கம்பளியின் குறை எங்கே இருக்கிறது? நீராவியை ஏற்பதில் சிறந்து விளங்கும் அதே இழை, மழையிலோ வியர்வையிலோ கடல்நீரிலோ முழுமையாக நனைந்துவிட்டால் கனத்துத் தொங்கும். உலர நெடுநேரம் எடுக்கும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், இழைகளின் இடைவெளியில் காற்றுக்குப் பதிலாக நீர் நிற்கும் துணியை அணிந்திருப்பவர், வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்காக அணிந்த ஆடையின் வழியாகவே அதை இழந்துகொண்டிருப்பார். துவைப்பதும் எளிதன்று, கம்பளி இழையின் மேற்பரப்பில் உள்ள செதில்கள், சுடுநீரிலும் உராய்விலும் ஒன்றோடொன்று கொக்கிபோட்டு இறுகித் துணியைச் சுருங்கச் செய்துவிடும். பூச்சி அரிக்கும், 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகள் கலந்திருந்தால் தோலை உறுத்தும். குளிர்காலம் முழுவதும் ஒரே ஸ்வெட்டரை வைத்துக் கடத்தவேண்டிய குடும்பத்துக்கு இவை சிறிய குறைகள் அல்ல.

பாலியஸ்டர் இந்த வகையில் கம்பளிக்கு நேர் எதிரானது. 1941இல் இங்கிலாந்தில், காலிகோ பிரின்டர்ஸ் அசோசியேஷன் என்ற துணி அச்சிடும் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் கண்டறிந்த பாலிஎத்திலீன் டெரிப்தாலேட், சுருக்கமாக 'பெட்', பின்னாளில் டெரிலீன், டேக்ரான் என்ற வணிகப் பெயர்களில் வேட்டியும் சேலையும் சட்டையுமாக இந்திய வீடுகளுக்குள்ளும் நுழைந்த பொருள்தான். தண்ணீர் பாட்டிலும் இதே பொருளில்தான் செய்யப்படுகிறது. சாதாரண அறைக் காற்றில் கம்பளி தன் எடையில் 15 விழுக்காட்டுக்கும் மேலான ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும் நிலையில், பாலியஸ்டர் வைத்திருப்பது 0.4 விழுக்காடு. இந்தக் குணத்தால்தான் பாலியஸ்டர் சட்டை கோடையில் உடலோடு ஒட்டிப் புழுங்குகிறது. அதே குணம் பனிமலையில் உயிர் காக்கும் குணமாக மாறுகிறது. நனைந்த ஃபிளீஸைப் பிழிந்து உதறினால் நீர் இழைகளின் இடுக்கிலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது, இழைக்குள் அது ஏறக்குறையப் புகுவதே இல்லை.

ஆனால் பாலியஸ்டர் இழை தன்னியல்பில் வழவழப்பானது, நேரானது. அதைக் கொண்டு நெய்த துணி தட்டையாகப் படியுமே தவிரக் காற்றைப் பிடித்து வைக்காது. ஆடு இயற்கையாகச் செய்து தருவதை ஆலை படிப்படியாகச் செய்ய வேண்டியிருந்தது. ஏறத்தாழ 260 பாகை செல்சியஸில் உருகும் பெட் சில்லுகள், அதற்கும் சற்று மேலான வெப்பத்தில் குழம்பாக்கப்பட்டு, இடியாப்ப அச்சில் மாவு பிதுக்கப்படுவதுபோல் நுண்துளைத் தட்டுகளின் வழியே இழைகளாக இழுக்கப்படுகின்றன. பின்னர் வெப்பமும் முறுக்கும் கொடுக்கப்பட்டு, கம்பளியின் நெளிவை ஒத்த செயற்கை நெளிவு அவற்றில் பதிக்கப்படுகிறது. அந்த நூல் வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஏறும்போது, ஒரு நூல் துணியின் அடித்தளத்தைப் பின்ன, மற்றொரு நூல் குளியல் துவாலையில் உள்ளதைப்போன்ற சிறு கண்ணிகளாக மேலெழுந்து நிற்கிறது. நீரை ஏற்காத இழை சாயத்தையும் எளிதில் ஏற்காது என்பதால், டிஸ்பர்ஸ் சாயம் எனப்படும் நீரில் கரையாத நுண்சாயத்தோடு அழுத்தக் கலன்களில் 130 பாகை வரை சூடாக்கித் துணிக்கு நிறமேற்றுகிறார்கள்.

ஃபிளீஸ் பிறப்பது அடுத்த கட்டத்தில். திருப்பூரில் பருத்திப் பின்னலாடைகளின் உட்புறத்தை மென்மையாக்கப் பயன்படும் 'ரெய்சிங்' இயந்திரத்தின் அதே வகையைச் சேர்ந்த இயந்திரத்தில், ஒரு பெரிய உருளையின் சுற்றளவில் சிறு உருளைகள் பல பொருத்தப்பட்டுள்ளன. ஒவ்வொரு சிறு உருளையின் மேலும் நுனி வளைந்த மெல்லிய எஃகுக் கம்பிகள் நெருக்கமாக நடப்பட்டிருக்கின்றன. துணி அதன்மேல் இழுத்துச் செல்லப்படும்போது, ஒரு வரிசை உருளைகளின் கம்பிகள் கண்ணிகளைக் கொக்கியிட்டு இழுத்து அறுக்க, எதிர்த் திசையில் வளைந்த அடுத்த வரிசைக் கம்பிகள் அறுந்த நுனிகளைச் சீவி நிமிர்த்துகின்றன. ஒரே முறையில் அதிகமாக இழுத்தால் அடித்தளம் கிழியும். குறைவாக இழுத்தால் கண்ணிகள் அறாமல் நிற்கும். எனவே துணி பலமுறை, ஒவ்வொரு முறையும் சிறிது ஆழமாகச் செலுத்தப்படுகிறது. கம்பி வளைவின் தேய்மானத்தையும் துணியின் இழுவிசையையும் கண்டு, வேகத்தை மாற்றும் இயக்குநரின் கைத்திறன்மீதே இந்தக் கட்டம் நெடுங்காலம் நின்றது. இறுதியில் சுழலும் கத்தி, நீண்டும் குட்டையுமாக நிற்கும் நுனிகளை ஒரே உயரத்துக்குக் கத்தரிக்கிறது. வெப்பக் காற்று வீசும் ஸ்டென்டர் இயந்திரம் துணியின் அகலத்தையும் வடிவத்தையும் நிலைப்படுத்துகிறது. இரு புறமும் இவ்வாறு எழுப்பப்பட்ட துணி, ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவே எடையிருந்தாலும், சில மில்லிமீட்டர் தடிப்புக்கு உப்பி, தன் பருமனில் பெரும்பகுதியைக் காற்றாகவே கொண்டிருக்கிறது.

இந்த முறை ஒரே நாளில் உருவானதன்று. நார்வேயின் ஹெல்லி ஹான்சன் நிறுவனம் 1961இலேயே, ஒரு புறம் மட்டும் நீண்ட செயற்கை இழைகள் எழும்பி நிற்கும் 'பைல்' என்ற துணியை மழைச்சட்டைகளுக்கு உள்ளே அணியும் ஆடையாக அறிமுகப்படுத்தியது. வட அட்லாண்டிக் மீனவர்களிடையே அது பரவியது. பாறையேறும் கருவிகளைச் செய்து விற்ற இவோன் ஷ்வினார்ட், தன் படகோனியா நிறுவனத்தின் வழியாக அதே வகை ஆடையை மலையேறுபவர்களுக்கு வழங்க விரும்பியபோது, அவருடைய மனைவி மலிண்டா 1970களில் லாஸ் ஏஞ்சல்ஸ் துணிச் சந்தை ஒன்றில் கண்டெடுத்தது மால்டன் மில்ஸின் துணியை. கழிப்பறை இருக்கை உறைகளுக்கென்று செய்யப்பட்ட அந்தத் துணி, மங்கிய பழுப்பு, வெளிறிய நீலம் என்ற இரண்டு நிறங்களில் மட்டுமே கிடைத்தது. அழகைப் பற்றிப் பேச அதில் ஏதுமில்லை. சிலமுறை துவைப்பதற்குள் அதன் மேற்பரப்பில் இழைகள் சிக்கி உருண்டை உருண்டையாகத் திரண்டன. ஆயினும் நனைந்த பின்னும் கதகதப்புத் தந்து, விரைவில் உலர்ந்த அந்த ஆடையை மலையேறுபவர்கள் கைவிடவில்லை.

மால்டன் மில்ஸுக்கும் அப்போது வேறு வழியில்லை. ஹங்கேரியிலிருந்து குடியேறிய யூதரான ஹென்றி ஃபாயர்ஸ்டீன் 1906இல் தொடங்கிய அந்த நிறுவனத்தை அவருடைய பேரர் ஆரன் ஃபாயர்ஸ்டீன் நடத்திவந்தார். செயற்கை உரோம மேலங்கிகளின் மோகத்தை நம்பிப் பெரும் முதலீடு செய்திருந்த நிறுவனம், அந்த மோகம் அடங்கியதும் 1981இல் திவால் பாதுகாப்பை நாடியது. மீண்டெழுவதற்கு அது பற்றிய கொம்பு, பாலியஸ்டர் பைலை மேம்படுத்தும் ஆராய்ச்சி. இருபுறமும் எழுப்பப்பட்டு, உருண்டை திரளாமல் நின்ற மென்துணி 'போலார்ஃபிளீஸ்' என்ற பெயரிலும், படகோனியாவின் கடைகளில் 1985 முதல் 'சின்சில்லா' என்ற பெயரிலும் வெளிவந்தது; 1991இல் மால்டன் தன் துணிவகை முழுவதற்கும் 'போலார்டெக்' என்று பெயரிட்டது. செய்முறைக்கு அது காப்புரிமை பெறாமல் விட்டதால், ஆசியாவின் ஆலைகள் சில ஆண்டுகளிலேயே அதே வகைத் துணியை மிகக் குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கின. மலையேறுபவரின் விலையுயர்ந்த உடை பள்ளிக் குழந்தையின் ஜெர்கினாகவும், விமானப் பயணியின் போர்வையாகவும் மாறியதற்கு இந்த விடுபாடே பெரும் காரணம். உலகுக்கு மலிவுத் துணியைத் தந்த அந்த முடிவு, அதைத் தந்த ஆலைக்குப் போட்டியாளர்களையும் வளர்த்துவிட்டது.

1995 டிசம்பர் 11 இரவு, ஆரன் ஃபாயர்ஸ்டீனுக்கு எழுபது வயது நிறைந்த அன்றே, லாரன்ஸ் ஆலையில் வெடிப்பு நிகழ்ந்தது. மின்னூட்டத்தின் உதவியால் பசைபூசிய துணியின்மேல் குத்துக்கோடாக நிறுத்தி வெல்வெட் போன்ற மெத்தைத் துணி செய்வதற்கான நுண்ணிய நைலான் இழைத்துகள் அந்தக் கட்டடத்தில் கையாளப்பட்டன. அத்தகைய துகள் காற்றில் மிதக்கும்போது எளிதில் தீப்பற்றக் கூடியது. பலத்த காற்று வீசிய உறைகுளிர் இரவில் தீ கட்டடம் கட்டடமாகத் தாவியது; முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், எவரும் உயிரிழக்கவில்லை. காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு ஓய்வு பெறவும், கூலி குறைந்த நாட்டுக்கு ஆலையைப் பெயர்க்கவும் முதலாளிக்கு வழி இருந்தது. அவரைப் போன்ற பலர் அதற்கு முன்னரே மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தைவிட்டு அவ்வாறு போயிருந்தார்கள். ஃபாயர்ஸ்டீனோ அதே இடத்தில் மீண்டும் கட்டப்போவதாக அறிவித்து, வேலையில்லாதிருந்த தொழிலாளர்களுக்கும் சில மாதங்கள் ஊதியத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் தொடர்ந்து வழங்கினார். அதற்கான செலவு ஏறத்தாழ 2.5 கோடி டாலர் என்று மதிப்பிடப்படுகிறது. தீயில் தப்பிய பகுதிகளில் சில வாரங்களிலேயே ஃபிளீஸ் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. 1996 ஜனவரியில் அதிபர் கிளின்டன் நாடாளுமன்றத்தில் ஆண்டுரை நிகழ்த்தியபோது ஃபாயர்ஸ்டீன் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டிருந்தார்; புதிய ஆலை 1997இல் திறக்கப்பட்டது.

எண்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டு மணி நேரக் கூலிக்காகத் தொழிலாளர் தெருவில் இறங்கிய அதே நகரத்தில் நடந்தது என்பதால் இச்செயல் கூடுதல் ஒளி பெற்றது. ஆனால் இதை அறக்கதையாக மட்டும் சொல்பவர்கள் அடுத்த பகுதியை விட்டுவிடுவது வழக்கம். காப்பீடு தந்த ஏறத்தாழ 30 கோடி டாலர் புதிய ஆலையின் செலவுக்குப் போதவில்லை, கடன் ஏறியது, மலிவு ஃபிளீஸ் சந்தையை நிறைத்தது, குளிர் குறைந்த பருவங்களும் விற்பனையைக் குறைத்தன. 2001 நவம்பரில் நிறுவனம் மீண்டும் திவால் பாதுகாப்பை நாடியது. அதிலிருந்து 2003இல் வெளிவந்தபோது அதன் கட்டுப்பாடு கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போயிருந்தது. 2007இல் மறுபடி திவாலாகி முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டுப் 'போலார்டெக்' என்ற பெயரைப் பெற்றது. லாரன்ஸில் உற்பத்தி நிறுத்தப்படுவது 2015இல் அறிவிக்கப்பட்டு, இயந்திரங்கள் நியூ ஹாம்ப்ஷயருக்கும் டென்னஸிக்கும் சென்றன. 2019இல் மில்லிகன் நிறுவனம் அதை வாங்கியது. ஃபாயர்ஸ்டீன் 2021இல், 95ஆம் வயதில் மறைந்தார். அவருடைய பெருந்தன்மைதான் ஆலையைக் கவிழ்த்தது என்ற விளக்கம் வணிகப் பள்ளிகளில் வசதியாகச் சொல்லப்படுவதுண்டு. கடனின் அளவோடு ஊதியச் செலவை ஒப்பிட்டால் அந்த விளக்கம் வலுவற்றது.

துணியின் குறைகளுக்கு வருவோம். எழும்பி நிற்கும் இழைகளுக்கு இடையில் உள்ள காற்று, காற்று வீசாத இடத்தில் மட்டுமே அசையாமல் நிற்கும். காற்று வீசும் மலைமுகட்டில் வெறும் ஃபிளீஸ் அணிந்திருப்பவர் விரைவிலேயே நடுங்குவார், எனவே மேலே காற்றைத் தடுக்கும் மெல்லிய உறை இன்றியமையாதது. நெருப்பு இரண்டாவது குறை. கம்பளி எளிதில் பற்றாது, பற்றினாலும் கருகி அணையும்; பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டி, தீப்புண்ணை ஆழமாக்கும். ஈராக்கில் இருந்த அமெரிக்க மரைன் படையினர் முகாமுக்கு வெளியே செல்லும்போது பாலியஸ்டர், நைலான் உள்ளாடைகளை அணியக் கூடாது என்று 2006இல் தடை விதிக்கப்பட்டது இதனால்தான். குளிர்காயும் நெருப்பின் அருகே அமர்பவருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஒரு சிறு பொறி போதும், ஃபிளீஸில் துளை விழுந்துவிடும். மூன்றாவது, நாற்றம்: வியர்வையின் எண்ணெய்ப்பசை பாலியஸ்டர் இழையின் மேற்பரப்பிலேயே தங்கி நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது, கம்பளி அணிபவர் பல நாள் துவைக்காமல் சமாளிக்கும் இடத்தில் ஃபிளீஸ் அணிபவர் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கடைசிக் குறை கேட்பதற்கு அற்பமானது போல் தோன்றினாலும், அடிக்கடி துவைப்பதால் வரும் விளைவு அற்பமானதன்று.

அதற்கு முன், ஆடு வளர்ப்போர் பக்கம் நிகழ்ந்ததைக் குறிப்பிட வேண்டும். உலகின் முதன்மைக் கம்பளி ஏற்றுமதி நாடான ஆஸ்திரேலியா, விலை ஒரு வரம்புக்குக் கீழே இறங்காமல் காக்க, விற்காத கம்பளியைத் தானே வாங்கி வைக்கும் ஏற்பாட்டை வைத்திருந்தது. கிலோவுக்கு 870 சென்ட் என்று உயர்த்தப்பட்ட அந்த வரம்பில் வாங்குவோர் குறைந்தபோது, 1991 பிப்ரவரியில் ஏற்பாடு கைவிடப்பட்டது. அதற்குள் 47 லட்சம் பொதிகள் கிடங்குகளில் தேங்கியிருந்தன. அவற்றை விற்றுத் தீர்க்கப் பத்தாண்டுகள் ஆயின. இதற்குச் சீன, சோவியத் வாங்குதல் சரிந்ததும் காரணம் என்பதால் முழுப் பழியையும் செயற்கை இழையின்மேல் சுமத்த இயலாது. ஆனால் அதன்பின் கம்பளி பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. இன்று உலகில் உற்பத்தியாகும் இழைகளில் பாதிக்கும் மேல் பாலியஸ்டர், கம்பளியின் பங்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு. பிரிட்டனில் 2020இல் விலை வீழ்ந்தபோது, ஆட்டின் உரோமத்தைக் கத்தரிக்கும் கூலிக்குக்கூட அதன் விற்பனை வருவாய் போதாமல் சில பண்ணையாளர்கள் அதை எரித்தார்கள், சிலர் உரக்குழியில் இட்டார்கள். தென்னிந்தியாவில் மென்மையான ஆடைக் கம்பளி தரும் இனமாக அறியப்படும் நீலகிரி ஆடு, சாண்டிநல்லாவில் உள்ள அரசு ஆராய்ச்சி நிலையத்தின் பராமரிப்பையே பெரிதும் நம்பி எஞ்சியிருக்க, அருகிலுள்ள உதகைக் கடைவீதியில் 'கம்பளி' என்று கேட்டு வாங்கப்படும் ஸ்வெட்டரும் போர்வையும் பெரும்பாலும் அக்ரிலிக்கும் பாலியஸ்டருமாக இருக்கின்றன. வெளிநாடுகளிலிருந்து வந்த பழைய கம்பளி உடைகளைக் கிழித்து, நூலாக்கி, நிவாரணப் போர்வைகளாக நெய்து உலகுக்கு அனுப்பிய அரியானாவின் பானிபட்டிலும் இதே மாற்றம். வெள்ளம், நிலநடுக்கம் என்று விநியோகிக்கப்படும் போர்வைகளின் இடத்தைக் கனம் குறைந்த, விலை குறைந்த ஃபிளீஸ் பிடித்துக்கொள்ள, மறுசுழற்சி நூல் ஆலைகள் பலவும் பாலியஸ்டருக்கு மாறின. அகதி முகாமில் ஈரத் தரையில் படுப்பவருக்கு விரைவில் உலரும் போர்வையே நல்லது என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

மறுசுழற்சியின் பெயரால் ஃபிளீஸுக்கும் ஒரு புகழ் வந்து சேர்ந்தது. 1993இல் படகோனியா, வெல்மன் என்ற இழை நிறுவனத்தோடு சேர்ந்து, பயன்படுத்தித் தூக்கியெறியப்பட்ட பெட் பாட்டில்களை உருக்கிச் செய்த இழையில் ஃபிளீஸ் ஆடைகளை விற்றது. ஓர் ஆடைக்கு இரண்டு லிட்டர் பாட்டில்கள் ஏறத்தாழ 25 தேவைப்பட்டன. புதிதாகப் பெட்ரோலியம் எடுக்க வேண்டியதில்லை என்ற அளவில் இது பயனுள்ளதே. இருந்தாலும் பாட்டில் மீண்டும் பாட்டிலாகப் பலமுறை மாறக் கூடியது. ஜிப்பும் எலாஸ்டிக்கும் சாயமும் கலந்த பழைய ஆடை மீண்டும் ஆடையாவது அரிது. பாட்டிலாகச் சேகரிக்கத் தக்க வடிவில் இருந்த நெகிழி, ஃபிளீஸானதும் சேகரிக்கவே முடியாத வடிவில் உதிரத் தொடங்குகிறது என்பது இன்னும் பெரிய சிக்கல்.

2011இல் மார்க் பிரவுன் தலைமையிலான ஆய்வாளர்கள், ஆறு கண்டங்களின் 18 கடற்கரைகளிலிருந்து எடுத்த மணலில் பாலியஸ்டர், அக்ரிலிக் நுண்ணிழைகளைக் கண்டார்கள். ஓர் ஆடையை ஒருமுறை துவைக்கும்போது 1,900க்கும் மேற்பட்ட இழைகள் உதிரலாம் என்றும், சோதித்த ஆடைகளில் அதிகம் உதிர்த்தது ஃபிளீஸ் என்றும் அவர்கள் தெரிவித்தார்கள். 2016இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜென் நேப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் கணக்கிட்டபோது, ஆறு கிலோ பாலியஸ்டர் துணியை ஒருமுறை துவைத்தால் ஏறத்தாழ ஐந்து லட்சம் இழைகள் வெளியேறலாம் என்ற அளவு கிடைத்தது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவில், படகோனியாவே பணம் தந்து நடத்தப்பட்ட ஆய்வு, மேலிருந்து துணி போடும் சலவை இயந்திரம், முன்புறக் கதவுள்ள இயந்திரத்தைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு இழைகளை உதிரச் செய்கிறது என்று கண்டது. கழிவுநீர் நிலையங்கள் இவற்றில் மிகப் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகின்றன. பிடிபட்டவை சேற்றோடு சேர்ந்து, பல நாடுகளில் உரமாக வயல்களுக்குப் போகின்றன.

உதிர்வதற்கான காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. எஃகுக் கம்பிகள் கண்ணிகளை அறுத்து எழுப்புவதால்தான் காற்று தங்க இடம் கிடைக்கிறது; அறுந்த நுனிகளில் எவை அடித்தளத்தில் உறுதியாகப் பிணையவில்லையோ அவை ஒவ்வொரு துவைப்பிலும் கழன்றுவருகின்றன. கதகதப்பும் உதிர்வும் ஒரே செயலின் இரு விளைவுகள் என்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குவதற்குச் சாயத்தையோ நூலையோ மாற்றுவது போதாது. போலார்டெக் 2018இல் அறிமுகப்படுத்திய 'பவர் ஏர்' என்ற துணியில், உப்பிய இழைகள் வெளியே நீட்டி நிற்காமல் பின்னப்பட்ட சிறு அறைகளுக்குள் மூடப்பட்டிருப்பது இந்தக் காரணத்தை உணர்ந்த வடிவமைப்பு. ஆனால் சந்தையில் விற்கும் ஃபிளீஸில் பெரும்பங்கு இன்னும் பழைய முறையில் எழுப்பப்பட்டதே. கம்பளிக்குத் திரும்பிவிடலாம் என்ற யோசனையும் சொல்வது போல் எளிதன்று: ஆடு மீத்தேன் வெளியிடும், வெட்டியெடுத்த உரோமத்தின் எடையில் கொழுப்பும் வியர்வை உப்பும் அழுக்கும் கணிசமான பங்கு என்பதால் கழுவும் நீர் கடுமையாக மாசடையும், இயந்திரத்தில் துவைக்கலாம் என்ற உறுதியோடு விற்கப்படும் கம்பளி ஆடைகளில் பலவும், செதில்களைக் குளோரினால் மழுங்கச் செய்து மேலே மெல்லிய நெகிழிப் படலம் பூசப்பட்டவை.

பிரான்ஸ் 2020இல் இயற்றிய சட்டத்தில், 2025 முதல் விற்கப்படும் புதிய சலவை இயந்திரங்களில் நுண்ணிழை வடிகட்டி இருக்க வேண்டும் என்ற விதி சேர்க்கப்பட்டது. துணி செய்தவரின் பொறுப்பை இயந்திரம் செய்பவர்மேல் ஏற்றும் விதி இது என்று இயந்திர நிறுவனங்கள் முறையிடுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆலையிலேயே துணியை முன்கூட்டித் துவைத்து முதல் உதிரலைப் பிடித்துவிடுவது, உதிரும் அளவைச் சோதித்துத் துணிக்குத் தரம் வகுப்பது போன்ற யோசனைகள் துணி செய்பவரை நோக்கியவை. அவற்றுக்குச் சட்டத்தின் கட்டாயம் இன்னும் பரவலாக வரவில்லை. அதுவரை ஃபிளீஸ் வைத்திருப்பவர் செய்யக் கூடியவை சில: தேவையின்றித் துவைக்காதிருத்தல், குளிர்ந்த நீரில், இயந்திரம் நிறைய, குறைந்த நேரம் துவைத்தல், நுண்வலைப் பைக்குள் இட்டுத் துவைத்து, பையின் மூலையில் சேரும் பஞ்சைச் சாக்கடையில் அலசிவிடாமல் குப்பைத் தொட்டியில் போடுதல்.